கிரேக்கத் தீவில் பத்து நாள் ஓய்வு: சாந்தோரினியா, நக்சோஸா, கிரீட்டா, கோர்ஃபுவா, ரோட்ஸா?

இரண்டு வாரங்களுக்கு முன் லண்டனிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். அவர், கணவர், ஏழு வயது மகன், முழங்கால் வலியுள்ள மாமியார் என நான்கு பேர். மகனுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் ஆகஸ்டில்தான் போக முடியும். "பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓட எங்களுக்குத் தெம்பில்லை. கடலோரத்தில் சும்மா இருக்க வேண்டும். வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமும் உள்ள அந்தத் தீவுக்கே போய்விடலாமா?"

நீலக் குவிமாடம் என்றால் சாந்தோரினி. அங்கே போகவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் செங்குத்துப் பாறை விளிம்பில் நின்று கடலைப் பார்த்த மாலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் மணலில் துண்டை விரித்துப் பகல் முழுவதும் படுத்துக்கிடக்க அது ஏற்ற தீவு இல்லை. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதை யாராவது சொல்லியாக வேண்டும். கிரேக்கத்தில் மக்கள் வாழும் தீவுகள் இருநூறுக்கும் மேல். ஓய்வுக்குப் போகிறவர்கள் அடிக்கடி குழம்பும் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

படுக்கைக்கும் மணலுக்கும் உள்ள தூரம். இதுதான் முதல் அளவுகோல். விடுதியிலிருந்து கடலுக்கு ஐந்து நிமிடம் நடந்தால் போதும் என்றால், காலையில் ஒரு முழுக்கு, மதியம் அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம், மாலையில் மறுபடி கடல் என்று நாள் தானாக நகரும். அதே கடல் இருபது நிமிடக் கார் தூரத்தில் இருந்தால், தண்ணீர்ப் பாட்டில், துண்டு, மாற்றுடை என்று தினமும் ஒரு பயணம் கிளம்ப வேண்டியிருக்கும். மூன்றாம் நாளே அலுத்துவிடும்.

மணலா, கூழாங்கல்லா, ஆழம் எப்படி? கிரேக்கக் கடற்கரைகளில் கணிசமானவை கூழாங்கல் கரைகள். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், கால்தான் நோகும். நீச்சல் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மெல்லச் சரிந்து இறங்கும் மணல் கரை வேண்டும்.

காற்று. நம்மவர்கள் யாரும் கணக்கில் எடுக்காத அளவுகோல் இது. ஏஜியன் கடலில் கோடைதோறும் வடக்கிலிருந்து வறண்ட காற்று ஒன்று வீசும். அதன் பெயர் மெல்தெமி. ஜூலை, ஆகஸ்டில் உச்சத்தில் இருக்கும். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயில் அடிக்கும், காற்று மட்டும் நாள்கணக்கில் நிற்காது. குடை பறக்கும், மணல் காலில் ஊசியாகக் குத்தும், கப்பல் நிற்கும். கடலோரக் காவல் துறை கப்பல்களுக்குத் தடை விதிப்பதை அங்கே 'அபகோரெப்திகோ' என்பார்கள். துறைமுகத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தால் அன்றைய திட்டத்தை மடித்து வைத்துவிட வேண்டியதுதான். சாந்தோரினியும் நக்சோஸும் அடங்கிய சைக்லடீஸ் தீவுக் கூட்டம் இந்தக் காற்றின் நேர்ப்பாதையில் இருக்கிறது. மேற்கே அயோனியன் கடலில் உள்ள கோர்ஃபுவுக்கு அது எட்டுவதில்லை.

கடல் நீரின் சூடு. சென்னைக் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு இது முக்கியம். வங்கக் கடல் பெரும்பாலான மாதங்களில் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். ஏஜியன் கடல் ஆகஸ்ட், செப்டம்பரில்கூட 24, 25 டிகிரி அளவுதான். மே மாதத்தில் 19 டிகிரியைச் சுற்றியே இருக்கும். இறங்கும்போது உடல் சிலிர்க்கும். அதற்கு ஈடாக, அலை நம் மெரினாவைப் போல ஆளை இழுக்காது. கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கமும் மிகக் குறைவு. காற்றில்லாத நாளில் ஏரி போலக் கிடக்கும்.

வழிப் பயணம், சாப்பாடு, பணம். இவை மூன்றையும் ஒவ்வொரு தீவோடும் சேர்த்தே சொல்கிறேன்.

## சாந்தோரினி: கண்ணுக்கு விருந்து, காலுக்குச் சோதனை

ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் விளிம்புதான் இன்றைய சாந்தோரினி. படங்களில் நாம் பார்க்கும் வெள்ளை வீடுகள் எல்லாம், கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறை விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பக்கத்தில் கடற்கரை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. கடல் கண்ணெதிரே இருக்கும், எளிதில் கீழே இறங்கிக் கால் நனைக்க முடியாது. விடுதிக்குள்ளேயே ஏறி இறங்கப் படிகள். முழங்கால் வலி உள்ளவரை அங்கே அழைத்துச் செல்வது அவருக்குச் செய்யும் கொடுமை.

கடற்கரைகள் மறுபுறம், கிழக்கில் இருக்கின்றன: கமாரி, பெரிசா. இரண்டும் கறுப்பு எரிமலை மணலும் சரளையும் கலந்தவை. நண்பகலில் வெறுங்காலுடன் நடக்க முடியாது. நல்ல உணவகங்கள் உண்டு, அறை வாடகையும் பாறை விளிம்பைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் இந்தக் கரைக்காக மட்டும் சாந்தோரினி விலை கொடுப்பதில் பொருளில்லை.

கூட்டத்தையும் சொல்ல வேண்டும். உல்லாசக் கப்பல்கள் வரும் நாளில் ஃபிரா, இயா ஊர்களின் சந்துகளில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. 2025 தொடக்கத்தில் தீவைச் சுற்றித் தொடர் நிலநடுக்கங்கள் ஏற்பட்டு ஆயிரக்கணக்கானோர் தற்காலிகமாக வெளியேறினார்கள். பிறகு நிலைமை அடங்கியது.

*யாருக்கு ஏற்றது?* தேனிலவுக்கு, இரண்டு இரவுக்கு. பண்டைய அக்ரோத்திரி நகரைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு. பத்து நாளுக்கு வேண்டாம்.

## நக்சோஸ்: என் மனதுக்கு நெருக்கமான தீவு

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தத் தீவின் மேல் எனக்குப் பற்று உண்டு. சைக்லடீஸ் கூட்டத்தில் மிகப் பெரியது இதுதான். கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போது முதலில் கண்ணில் படுவது ஒரு கதவு நிலை. கட்டி முடிக்கப்படாத அப்பல்லோ கோயிலுக்காக கி.மு. 6ஆம் நூற்றாண்டில் நிறுத்தப்பட்ட பளிங்கு வாசல். சுவர் இல்லை, கூரை இல்லை, வாசல் மட்டும் கடலைப் பார்த்து நிற்கிறது. மாலையில் ஊரே அங்கே போய் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்க்கும்.

கடற்கரைக்கு வருவோம். தீவின் மேற்குக் கரையில் பொன்னிற மணல் வரிசையாகக் கிடக்கிறது. ஊரை ஒட்டியே அகியோஸ் கியோர்கியோஸ்: நடந்து போகலாம், வெகுதூரம் வரை முழங்கால் ஆழம், குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. தெற்கே ஐந்து கி.மீ. தள்ளி அகியோஸ் புரோகோபியோஸ், அடுத்து அகியா அன்னா, அதை அடுத்து ஏறத்தாழ நான்கு கி.மீ. நீளத்துக்கு பிளாக்கா. கோடையில் ஊரிலிருந்து இந்தக் கரைகளுக்கு அடிக்கடி பஸ் ஓடுகிறது. கார் இல்லாமலே ஒரு வாரம் இருக்கலாம். நான் அப்படித்தான் இருந்தேன்.

சாப்பாடுதான் நக்சோஸின் உண்மையான பலம். பக்கத்துத் தீவுகளைப் போல வெறும் பாறையாக இல்லாமல், இங்கே உழுது பயிரிடும் நிலம் இருக்கிறது. நக்சோஸ் உருளைக்கிழங்கு கிரேக்கம் முழுவதும் பெயர் பெற்றது. கிராவியேரா என்னும் பாலாடைக்கட்டிக்குத் தீவின் பெயராலேயே ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு உண்டு. ஒரு சாதாரண உணவகத்தில் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். அது உறைந்த பொட்டலத்திலிருந்து வந்தது இல்லை என்று முதல் கடியிலேயே தெரியும்.

சலிப்புத் தட்டினால் ஒருநாள் மட்டும் வாடகைக் கார் எடுத்து மலைக்கு ஏறலாம். சைக்லடீஸின் மிக உயர்ந்த சிகரமான ஸாஸ் இங்கேதான் இருக்கிறது, ஆயிரம் மீட்டர் அளவு. அபிராந்தோஸ் கிராமத்தின் பளிங்குத் தெருக்களில் ஒரு பகல் போவதே தெரியாது.

இனிக் குறைகள். வெளிநாட்டிலிருந்து நேரடி விமானம் இல்லை. ஏதென்ஸிலிருந்து சிறிய உள்நாட்டு விமானம், அல்லது பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பல். பெரிய கப்பலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். விரைவுக் கப்பலில் நான்கு மணி நேரத்துக்குள். விரைவுக் கப்பல் காற்றில் ஆடும், முதலில் ரத்தாவதும் அதுதான். காசு மிச்சம், வயிறும் பத்திரம் என்பதால் பெரிய கப்பலையே சொல்வேன்; மேல்தளத்தில் காற்றாட உட்கார்ந்து போகலாம்.

அடுத்து மெல்தெமி. ஒரு ஜூலைக் கடைசியில் மூன்று நாள் தொடர்ந்து வீசியது. முதல் நாள் ரசித்தோம், இரண்டாம் நாள் அறைக்குள் சீட்டு ஆடினோம், மூன்றாம் நாள் எங்கள் கப்பல் ரத்தானது. மறுநாள் ஏதென்ஸிலிருந்து கிளம்ப வேண்டிய விமானத்தையும் விட்டோம். கப்பல் பயணச்சீட்டுப் பணம் திரும்பி வந்தது. விமானப் பணம் வரவில்லை. அன்றிலிருந்து தீவிலிருந்து திரும்பும் நாளுக்கும் விமான நாளுக்கும் நடுவில் ஏதென்ஸில் ஓர் இரவு வைக்காமல் நான் திட்டம் போடுவதில்லை. அந்த ஓர் இரவின் வாடகையை நக்சோஸின் விலையோடு நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*யாருக்கு ஏற்றது?* ஜூன் அல்லது செப்டம்பரில் வருகிறவர்களுக்கு, கார் ஓட்ட விரும்பாதவர்களுக்கு, பெரிய ரிசார்ட்டைவிடச் சிறிய குடும்ப விடுதியை விரும்புகிறவர்களுக்கு. சாந்தோரினி ஆசை இருந்தால் இங்கிருந்து இரண்டு மணி நேரக் கப்பல். இரண்டு இரவு போய்வரலாம்.

## கிரீட்: தீவு என்ற பெயரில் ஒரு நாடு

கிரேக்கத் தீவுகளில் மிகப் பெரியது. மேற்கிலிருந்து கிழக்கு வரை 260 கி.மீ. இந்த நீளத்தை வரைபடத்தில் பார்த்தும் பலர் உணர்வதில்லை. ஹெராக்லியனில் இறங்கி ஹானியாவில் தங்கி, எலஃபோனிசி கடற்கரைக்கும் ஸ்பினலோங்கா கோட்டைத் தீவுக்கும் போவதாகத் திட்டம் போட்டு, விடுமுறையில் பாதியைக் காருக்குள் கழிக்கிறார்கள். எலஃபோனிசி தென்மேற்கு மூலை, ஸ்பினலோங்கா வடகிழக்கு. கிரீட்டில் ஓய்வு வேண்டும் என்றால் ஒரே ஒரு விதி: மேற்கு அல்லது கிழக்கு, ஒன்றை எடுங்கள்.

மேற்கை எடுத்தால் ஹானியா விமான நிலையம். வடகரையில் கியோர்கியோபோலியிலும் ரெதிம்னோவிலும் நீண்ட மணல் கரைகளும் அவற்றை ஒட்டி ரிசார்ட்டுகளும் இருக்கின்றன. வடக்குக் காற்று அடிக்கும் நாளில் இங்கே அலை எழும்; காவலர்கள் சிவப்புக் கொடி ஏற்றினால் இறங்கக் கூடாது. உண்மையான அமைதி தெற்குக் கரையில். பலேயோஹோரா என்ற சிற்றூர் ஒரு நிலநாக்கின் மேல் இருக்கிறது. ஒரு பக்கம் மணல், மறுபக்கம் கூழாங்கல். ஒரு பக்கம் காற்றடித்தால் மறுபக்கம் போய்விடலாம். லுத்ரோ என்ற ஊருக்குச் சாலையே இல்லை, படகில் அல்லது நடந்து மட்டும் போகலாம். இரண்டு நாள் அங்கே இருந்தால் காதில் இருக்கும் நகரத்து இரைச்சல் அடங்கிவிடும்.

மறைந்திருக்கும் செலவு கார்தான். பாலோஸ் என்னும் அழகிய காயலுக்குச் செல்லும் கடைசிப் பகுதி கரடுமுரடான மண் சாலை. மண் சாலையில் ஏற்படும் சேதம், டயர், அடிப்பாகம் ஆகியவற்றைப் பல வாடகை ஒப்பந்தங்களின் காப்பீடு ஏற்காது. கையெழுத்திடுவதற்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். கிசமோஸிலிருந்து படகில் போனால் இந்தக் கவலை இல்லை. இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள், ஊரில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

*யாருக்கு ஏற்றது?* பத்து நாளுக்குக் குறையாமல் இருப்பவர்களுக்கு. கார் ஓட்ட அஞ்சாதவர்களுக்கு. கடலோடு மலையும் பழைய நகரமும் வேண்டும் என்பவர்களுக்கு. முதியவர்களுக்கு மருத்துவ வசதி அருகில் இருக்க வேண்டும் என்றாலும் கிரீட் நல்லது. ஹெராக்லியனில் பல்கலைக்கழக மருத்துவமனையே இருக்கிறது. சிறிய தீவுகளில் பெரிய சிகிச்சைக்கு ஏதென்ஸுக்குக் கொண்டுபோக நேரும்.

## கோர்ஃபு: காற்று எட்டாத பச்சைத் தீவு

வெள்ளை வீடும் வறண்ட பாறையும்தான் கிரேக்கம் என்று நினைத்துக் கோர்ஃபுவில் இறங்குகிறவர்கள் திகைத்துப் போவார்கள். எங்கும் ஒலிவ மரங்களும் சைப்ரஸ் மரங்களும். 1386 முதல் 1797 வரை வெனிஸ் ஆண்ட தீவு. பழைய நகரம் 2007 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். பிறகு ஆங்கிலேயர் இருந்து, 1864இல் கிரேக்கத்தோடு இணைந்தது. அவர்கள் விட்டுச்சென்ற கிரிக்கெட்டை இந்த மக்கள் இன்னமும் ஆடுகிறார்கள். கிரேக்கத் தீவு ஒன்றின் நகரச் சதுக்கத்தோடு பேட்டும் பந்தும் இப்படிச் சேர்ந்திருப்பதைக் கண்டபோது எனக்கு ஊர் நினைவு வந்தது.

ஆகஸ்டில் கோர்ஃபுவின் பெரிய நன்மை, பிற்பகலில் வரும் இளங்காற்றோடு எல்லாம் முடிந்துவிடும் என்பது. கிழக்குக் கரை அமைதியானது, ஆனால் கூழாங்கல். மேற்கில் கிளிஃபாடா, அகியோஸ் கோர்டியோஸ் ஆகியவை நல்ல மணல் கரைகள். மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் சாலை. வடக்கில் அகரவி, ரோடா ஊர்கள் சமதளத்தில் உள்ளவை, கடலும் ஆழமில்லாதது. குழந்தையும் முதியவரும் உள்ள குடும்பத்துக்கு இந்த வடக்குப் பக்கத்தைச் சொல்வேன். தெற்கு முனையில் உள்ள காவோஸ், இளைஞர்கள் விடிய விடியக் குடித்தாடும் ஊர். விடுதியின் விலை மலிவாகத் தெரிகிறதே என்று அங்கே பதிவு செய்துவிடாதீர்கள்.

குறைகள்: சாலைகள் குறுகலானவை, புழுக்கம் உண்டு, கொசு உண்டு. செப்டம்பர் கடைசியில் மழை தொடங்கிவிடும். ஏதென்ஸிலிருந்து நேரடிக் கப்பல் கிடையாது. இகுமெனிட்சா துறைமுகம் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து ஏற வேண்டும், இல்லையென்றால் விமானம். ஆனால் ஐரோப்பிய நகரங்களிலிருந்து கோடையில் நேரடி விமானங்கள் நிறைய. லண்டனிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்.

## ரோட்ஸ்: அனைத்தும் அடங்கிய ரிசார்ட்

உணவு, பானம், நீச்சல் குளம், குழந்தைகளுக்கு விளையாட்டு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிய பெரிய ரிசார்ட்டுகளுக்கு ரோட்ஸும் அதன் அருகிலுள்ள கோஸ் தீவும் பெயர் பெற்றவை. ரோட்ஸில் இடம் பார்க்கும்போது கரையைக் கவனியுங்கள். மேற்கில் இக்சியா, இயாலிசோஸ் பக்கம் காற்றும் கூழாங்கல்லும்; கிழக்கில் ஃபலிராக்கி முதல் லிண்டோஸ் வரை மணலும் ஒதுக்கமும். இரண்டுக்கும் விளம்பரப் படம் ஒன்றுபோலவே இருக்கும்.

இந்த ஏற்பாட்டை நான் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. இரண்டு சிறு குழந்தைகளோடு வந்த ஒரு தாய், "பத்து நாள் அடுப்பையும் பாத்திரத்தையும் நினைக்காமல் இருந்தேன்" என்று என்னிடம் சொன்னார். அவருக்கு அதுதான் ஓய்வு. ஆனால் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் முன்பணம் கட்டிவிட்ட பிறகு வெளியே போய் ஒரு தவேர்னாவில், அதாவது உள்ளூர் உணவகத்தில், உட்கார மனம் வராது. கிரேக்கச் சமையலின் ருசி தெரியாமலே திரும்பி வருகிறவர்கள் அதிகம். கட்டணத்தில் எது அடங்கவில்லை என்பதையும் கேளுங்கள்: முன்வரிசைச் சாய்வுக் கட்டில், தனி உணவகம், பாதுகாப்புப் பெட்டி, பாட்டில் பானங்கள் ஆகியவற்றுக்குச் சில இடங்களில் தனிக் காசு.

2023 ஜூலையில் ரோட்ஸின் தென்கிழக்கில் காட்டுத்தீ பரவி, ஏறத்தாழ 19,000 பேரை வெளியேற்றினார்கள். உச்சக் கோடையில் எந்தத் தீவுக்குப் போனாலும் பயணக் காப்பீடு இதையும் ஏற்குமா என்று பார்த்து எடுங்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. ரோட்ஸிலிருந்தும் கோஸிலிருந்தும் துருக்கிக் கரை கூப்பிடு தூரம். ஒருநாள் படகுப் பயணம் விற்பார்கள். உங்கள் ஷெங்கன் விசா (கிரேக்கம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால், துருக்கியில் கால் வைத்தபின் கிரேக்கத்துக்குத் திரும்ப முடியாது. பெட்டி ரிசார்ட்டில், நீங்கள் துருக்கியின் போட்ரமில்.

## ஒரே பார்வையில்

| | சாந்தோரினி | நக்சோஸ் | கிரீட் | கோர்ஃபு | ரோட்ஸ் |
|---|---|---|---|---|---|
| கரை | கறுப்பு மணல், சரளை | பொன்மணல், ஆழம் குறைவு | எல்லா வகையும் | கிழக்கில் கல், மேற்கில் மணல் | கிழக்கில் மணல் |
| ஆகஸ்ட் காற்று | பலம் | மிகப் பலம் | வடகரையில் பலம் | மென்மை | மேற்கில் பலம் |
| வந்து சேர | விமானம், கப்பல் | ஏதென்ஸ் வழி மட்டும் | விமானம், இரவுக் கப்பல் | விமானம் | விமானம் |
| கார் | பஸ் போதும் | தேவையில்லை | கட்டாயம் | இருந்தால் நல்லது | ரிசார்ட் என்றால் வேண்டாம் |
| சிறந்த காலம் | மே, அக்டோபர் | ஜூன், செப்டம்பர் | மே இறுதி முதல் அக்டோபர் | ஜூன் முதல் செப்டம்பர் நடு வரை | மே இறுதி முதல் அக்டோபர் |
| அளவான நாள் | 2 | 6 முதல் 8 | 10க்கு மேல் | 7 முதல் 10 | 7 |

## பதிவு செய்யும்போது கண்ணில் படாத செலவுகள்

எந்தத் தீவானாலும் அரசின் காலநிலை வரி ஒன்று உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு, 2025 கணக்குப்படி, மூன்று நட்சத்திர விடுதியில் 5 யூரோ, நான்கு நட்சத்திரத்தில் 10, ஐந்து நட்சத்திரத்தில் 15. பெரும்பாலும் பதிவு விலையில் இது சேர்ந்திருக்காது. விடுதியில் தனியாகக் கேட்பார்கள். இரண்டு அறை, பத்து இரவு, நான்கு நட்சத்திரம் என்றால் 200 யூரோ. எட்டு இரவுக்கு ஒரு பெரிய கணக்குப் போட்டுவிட்டு இதை மறந்தவர்களை வரவேற்பு மேசையில் முகம் வாடி நிற்கக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது குடையும் சாய்வுக் கட்டிலும். கிரேக்கத்தில் கடற்கரை பொதுச் சொத்து. கரை முழுவதையும் வணிகர்கள் கட்டிலால் நிரப்பியதை எதிர்த்து 2023 கோடையில் பாரோஸ் தீவு மக்கள் துண்டை விரித்துப் போராடினார்கள். அந்தத் துண்டு இயக்கம் மற்ற தீவுகளுக்கும் பரவியது. 2024இல் அரசு விதிகளை இறுக்கியது. ஆகவே துண்டோடு போய் இலவச மணலில் உட்கார உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. யாரும் எழுப்ப முடியாது. நிழல்தான் கிடைக்காது. ஊரில் ஒரு குடையை விலைக்கு வாங்கிவிட்டால், இரண்டு மூன்று நாள் கட்டில் வாடகையில் அது ஈடாகிவிடும். நக்சோஸின் நீண்ட கரைகளில் இது எளிது.

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு டாக்சி பிடிக்க அவசரப்பட வேண்டாம். மெட்ரோவின் மூன்றாம் தடம் இப்போது துறைமுகம் வரை போகிறது. எக்ஸ்96 பஸ்ஸும் இரவு பகலாக ஓடுகிறது.

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ. அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு. நான்கு பேருக்குக் கூட்டிப் பாருங்கள், அதுவே தீவில் மூன்று நாள் வாடகை ஆகிவிடும்.

## சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

எந்தத் தீவிலும் பட்டினி கிடக்க வேண்டாம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் ஆண்டின் பல நாள்கள் இறைச்சி, பால், முட்டை ஒதுக்கி நோன்பு இருப்பவர்கள். ஆகஸ்ட் 1 முதல் 14 வரைகூட மாதாவுக்கான நோன்பு நாள்கள். அதனால் அவர்கள் சமையலில் ஒரு முழுச் சைவ மரபே இருக்கிறது. உணவுப் பட்டியலில் 'லதேரா' என்ற தலைப்பைத் தேடுங்கள்: ஒலிவ எண்ணெயில் வெந்த காய்கறிகள். தக்காளிக்குள் அரிசி அடைத்த கெமிஸ்தா, பெரிய வெள்ளை மொச்சை போன்ற கிகாந்தெஸ், கடைந்த பருப்பான ஃபாவா, கீரையை அவித்த ஹோர்தா. கோர்ஃபுவில் மிளகாய் சேர்த்து வதக்கும் சிகரெலி கீரை நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். 'நிஸ்திசிமா' என்று கேட்டால், நோன்புச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். நோன்பில் சிப்பி, கணவாய் போன்றவை விலக்கில்லை என்பதால் அவற்றை மட்டும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

## அப்படியானால் யார் எங்கே?

தமிழ்நாட்டிலிருந்து மே மாதப் பள்ளி விடுமுறையில் வருகிறவர்கள், மாதத்தின் கடைசி இரண்டு வாரங்களை ரோட்ஸின் கிழக்குக் கரைக்கோ கிரீட்டின் தெற்குக்கோ ஒதுக்குங்கள். மற்றத் தீவுகளைவிடக் கடல் சற்று முன்னதாகச் சூடேறுவது அங்கேதான். ஏப்ரலில் வர வேண்டாம். பாதி விடுதிகள் கதவைத் திறந்திருக்க மாட்டா.

மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருப்பவர்கள், செப்டம்பரின் நடுவில் நக்சோஸ். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. கடல் சூடாக இருக்கும், காற்று தணிந்திருக்கும், ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு வந்த உள்நாட்டுக் கூட்டமும் வீடு திரும்பியிருக்கும்.

லண்டன் வாசகிக்கு நான் எழுதிய பதில் வேறு. எனக்குப் பிடித்த தீவு நக்சோஸ் என்றாலும் அவரை அங்கே அனுப்ப மனம் ஒப்பவில்லை. ஆகஸ்ட் காற்று, விமானம் இறங்கியபின் கப்பல், கப்பலின் இரும்புப் படிகளில் பெட்டியோடு ஏறும் மாமியார், ரத்தானால் குழந்தையோடு துறைமுகத்தில் காத்திருப்பு. அவர்களுக்குக் கோர்ஃபு. லண்டனிலிருந்து நேரடி விமானம், வடக்கில் அகரவியில் தரைத்தளத்தில் இரண்டு அறை, கடலுக்கு ஐந்து நிமிடச் சமதள நடை. ஒரு மாலை மட்டும் பழைய நகரத்துக்கு டாக்சி. மாமியார் லிஸ்டன் என்ற பழைய கட்டட வரிசையின் வளைவுகளின் கீழ் காபிக் கடையில் உட்கார்ந்திருக்கலாம், பேரனைச் சதுக்கத்தில் ஓட விடலாம். அறை பதிவு செய்யும்போது 'கடல் காட்சி' என்பதைக் கேட்காமல், 'தரைத்தளம், படி இல்லை' என்பதை எழுத்தில் உறுதி செய்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.